விசுவாசம் வளர என்ன செய்வது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எனக்கு விசுவாசம் பத்தலை. எப்படி அதிகமாக்குறது?" எங்கள் சபையில் புதியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கும்போது பெரும்பாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. வேறு பின்னணியிலிருந்து வந்து, அண்மையில்தான் இயேசுவை நம்பத் தொடங்கியவர்கள் ஒரு வகை. கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசெல்லாம் வாங்கி, திடப்படுத்தலும் (விசுவாசத்தைச் சபைமுன் தானே உறுதிசெய்யும் சடங்கு) முடித்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகு 'இதையெல்லாம் நான் உண்மையிலேயே நம்புகிறேனா, இல்லை வீட்டுப் பழக்கமா?' என்று யோசிப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினர் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. எல்லாம் முடிந்தபின் வண்டி நிறுத்துமிடத்தில் மெதுவாக வந்து கேட்பார்கள். இருவருக்கும் சொல்வது ஒன்றைத்தான், அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்குமுன்

விசுவாசம் என்றதும் பலர் நினைப்பது ஒருவித மனமுயற்சியை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'நடக்கும், நடக்கும்' என்று தன்னையே நம்பவைக்கப் பார்ப்பது. வேதாகமம் பேசுகிற விசுவாசம் ஓர் ஆள்மேல் வைக்கிற நம்பிக்கை. நேற்றுக் குடிவந்தவரிடம் நாம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. பத்து வருஷம் பழகிய பக்கத்து வீட்டு அக்காவிடம் யோசிக்காமல் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறோம். அக்காவிடம் சாவியைக் கொடுக்கும்போது நெஞ்சு நெகிழ்வதெல்லாம் கிடையாது. அவரை நமக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆகவே 'விசுவாசத்தை அதிகமாக்குவது எப்படி?' என்று கேட்பதைவிட, 'இந்த இயேசு யார், அவரை நான் எப்படித் தெரிந்துகொள்வது?' என்று கேட்பது பயனுள்ளது. கீழே வருகிற எல்லாப் படிகளும் அதற்காகத்தான். வரிசையாகச் செய்யுங்கள். ஆனால் ஒன்றை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்தது என்றில்லை. ஒரு மாதத்துக்குள் வாசிப்பு, ஜெபம், சபை மூன்றும் சேர்ந்தே ஓடத் தொடங்கிவிடும்.

படி 1: ஒரு வேதாகமம், ஒரே ஒரு சுவிசேஷம்

தமிழில் எந்த வேதாகமத்தை வாங்குவது? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது பழைய மொழிபெயர்ப்பு. அதன் நடை 19ஆம் நூற்றாண்டுத் தமிழ், 'இருக்கக்கடவது', 'பிரவேசித்து', 'அந்நியோந்நியம்' என்று போகும். கத்தோலிக்கத் திருச்சபையில் வாசிக்கப்படுவது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். அது இன்றைய தமிழுக்கு நெருக்கமானது. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருக்கும், மற்றவர்கள் பயன்படுத்தும் வேதாகமத்தில் 66. இந்த வேறுபாடு பழைய ஏற்பாட்டில் மட்டும்தான், புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் எல்லோருக்கும் பொது. எது உங்கள் சபையில் வாசிக்கப்படுகிறதோ அதை வாங்குங்கள். புரியாத இடத்தில் இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே கைப்பேசிச் செயலிகளாகவும் கிடைக்கின்றன. இருந்தாலும் முதல் சில மாதங்களுக்கு அச்சுப் புத்தகமே நல்லது என்பேன், வாசிக்கும்போது வாட்ஸ்அப் வந்து குறுக்கே நிற்காது.

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715இல் அச்சில் முடித்தார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. சாதாரண மனிதர் தானே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடும். எனவே 'எனக்கு எங்கே புரியப்போகிறது, பாஸ்டர் சொன்னால் போதும்' என்று ஒதுங்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புத்தகம் என்றால் முதல் பக்கத்திலிருந்து என்று ஆதியாகமத்தைத் திறப்பார்கள். கதைகள் இருப்பதால் அது ஓடிவிடும், யாத்திராகமத்தின் முதல் பாதியும் ஓடிவிடும். அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள், திரைகள், கொக்கிகள். லேவியராகமத்தில் பலி முறைகள். அதோடு வேதாகமம் அலமாரிக்குப் போய்விடும். அவையெல்லாம் தேவையில்லாதவை என்று சொல்லவில்லை, அவற்றுக்கான நேரம் வரும்.

மாற்கு எழுதின சுவிசேஷத்தில் தொடங்குங்கள். சுவிசேஷம் என்றால் இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் சொல்லும் நூல். மொத்தம் 16 அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது. இயேசுவின் பிறப்பு, வம்ச வரலாறு எதுவும் இல்லாமல் நேரே அவருடைய ஊழியத்துக்குள் போய்விடும். முதலில் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். அதன்பின் மறுநாளிலிருந்து தினம் ஒரு சிறு பகுதி.

படி 2: எப்படி வாசிப்பது?

ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக மாற்கு 9ஆம் அதிகாரம், 14 முதல் 29 வரையுள்ள வசனங்களைப் பார்ப்போம். விசுவாசம் பத்தவில்லை என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை.

முதல் வாசிப்பில் காட்சியை மட்டும் பாருங்கள். யார் யார் இருக்கிறார்கள்? இயேசு அப்போதுதான் மூன்று சீஷர்களோடு மலையிலிருந்து இறங்கி வருகிறார். கீழே கூட்டம், வாக்குவாதம். ஒரு தகப்பன் தன் மகனைக் கொண்டுவந்திருக்கிறான். பையனுக்குச் சிறுவயது முதலே இந்த உபத்திரவம், தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். மற்ற சீஷர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை.

இரண்டாம் வாசிப்பில் பேச்சைக் கவனியுங்கள். தகப்பன் இயேசுவிடம் சொல்வது: "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால், எங்கள்மேல் மனதிரங்கி, எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்." ஏற்கெனவே ஏமாந்து போனவனின் பேச்சு இது. 'செய்யக்கூடுமானால்' என்பதில் பாதி சந்தேகம் இருக்கிறது. இயேசு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்கிறார். உடனே அவன் கண்ணீரோடு சத்தமிடுகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

மூன்றாவதாக, நோட்டில் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இயேசு இங்கே எப்படிப்பட்டவராக இருக்கிறார்? அவர் அந்த மனிதனை 'முதலில் போய் முழு விசுவாசத்தோடு வா' என்று அனுப்பினாரா? இல்லை. நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடக்கிற அந்த ஜெபத்துக்கே பையனைச் சுகமாக்குகிறார். அந்தத் தகப்பனிடம் உங்களைப் போல என்ன இருக்கிறது? இன்றைக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்ன? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். புரியாததையும் எழுதி வையுங்கள். கடைசியில் இயேசு சீஷர்களிடம் சொல்கிற பதில் உங்களைக் குழப்பினால், பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பாஸ்டரிடம் கேளுங்கள். பெரோயா ஊர்க்காரர்கள், ஆரம்பகாலத் திருச்சபையின் பெரிய போதகரான பவுல் சொன்னதையே அப்படியே விழுங்காமல், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினமும் வேதவாக்கியங்களைப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் அவர்களைப் பாராட்டித்தான் பேசுகிறது.

பதினைந்து நிமிடம் இதற்குத் தாராளமாகப் போதும்.

இங்கே வாக்குத்தத்த வசனங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கென வசனம் அச்சிட்ட அட்டை எடுப்பது, தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் வருவது எல்லாம் நம் சபைகளில் சகஜம். எனக்கும் அவை பிடிக்கும், எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அதையே வேதவாசிப்பாக வைத்துக்கொண்டால் சீக்கிரம் ஏமாற்றம் வரும். எரேமியா 29:11 எல்லோருக்கும் தெரிந்த அட்டை வசனம்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அட்டையைப் பார்த்தவர் அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார். அதிகாரத்தைத் திறந்தால், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் என்று தெரியும். அதற்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதுவரை என்ன செய்ய? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்த நகரத்தின் சமாதானத்துக்காகவும் ஜெபியுங்கள் என்கிறது கடிதம். இப்படி வாசித்தால் அந்த வசனம் இன்னும் ஆழமாக நிற்கிறது. எந்த வசனம் மனதைத் தொட்டாலும் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களை வாசித்துவிடுங்கள்.

படி 3: ஜெபம்

புதியவர்களுக்கு ஜெபத்தில் முதல் தயக்கம் மொழியைப் பற்றித்தான். சபையில் பெரியவர்கள் எழுந்து, 'கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த மட்டும் எங்களைக் காத்து நடத்தின...' என்று தடையில்லாமல் பத்து நிமிடம் ஜெபிப்பதைக் கேட்டவுடன், நமக்கு இது வராது என்று தோன்றிவிடும். அது அவர்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய நடை. நீங்கள் உங்கள் வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள். 'நீர், உம்மை' என்று பேசுவது வழக்கம்தான். 'நீங்க' என்று வந்தாலும், 'அப்பா' என்று மட்டும் வந்தாலும் குறைவில்லை.

எப்போது, எங்கே? இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதை வைத்து அதிகாலை 4 மணிக்கு எழுந்தே ஆக வேண்டும் என்று சிலர் சட்டம் போடுவார்கள். இரவு வேலை முடித்து 2 மணிக்கு வீடு வருகிறவருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் அது நடக்காது. மொட்டை மாடி, அலுவலகம் போகிற ரயில், குழந்தை தூங்கிய பின் அடுக்களை, எதுவானாலும் சரி. நேரமும் இடமும் தினமும் ஒன்றாக இருந்தால் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் இருக்கிறது. "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவது. அதை மனப்பாடமாக அரை நிமிடத்தில் ஒப்பிக்காமல், ஒவ்வொரு வரியிலும் நின்று உங்கள் சொந்தப் பேச்சைச் சேருங்கள். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற இடத்தில் இந்த மாதக் கடன் தவணையைச் சொல்லலாம். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடத்தில் யாருடைய முகம் மனதில் வருகிறதோ அவர் பெயரைச் சொல்லுங்கள். அந்த வரியில்தான் எனக்கு அதிக நேரம் ஆகும்.

அதோடு, தினம் ஒரு சங்கீதம், அதாவது பழைய ஏற்பாட்டிலுள்ள ஜெபப் பாடல்களில் ஒன்று. மொத்தம் 150 இருக்கின்றன. 23ஆம் சங்கீதம் எல்லோருக்கும் தெரியும். 13ஆம் சங்கீதத்தையும் படித்துப் பாருங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று புதியவர்கள் திகைப்பார்கள். பேசலாம், வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறதே. கைதாவதற்குச் சற்றுமுன் கெத்செமனே என்ற இடத்தில் இயேசு ஜெபித்ததையும் (மாற்கு 14:36) கூடவே வாசியுங்கள். இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும் என்று தன் விருப்பத்தை மறைக்காமல் சொல்கிறார். அப்புறம்தான் 'உம்முடைய சித்தத்தின்படியே' என்கிறார். பலர் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பக்தியாகச் சொல்கிறார்கள்.

உபவாசம் உண்டு, முழு இரவு ஜெபம் உண்டு. தொடக்கத்தில் அவை தேவையில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே வேண்டாம்.

படி 4: சபையோடு சேருங்கள்

'நான் வீட்டிலிருந்தே யூடியூபில் ஆராதனை பார்த்துக்கொள்கிறேனே?' நடமாட முடியாத முதியவர்களுக்கு அது பெரிய வரம். உங்களுக்கு அது போதாது. யூடியூபில் இருக்கிற பிரசங்கியாருக்கு உங்கள் பெயர் தெரியாது, நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் யாரும் போன் செய்து கேட்க மாட்டார்கள்.

முதல் முறை போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். செருப்பை வெளியே விடும் வழக்கம் பல சபைகளில் உண்டு, வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சில இடங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் ஆராதனை முறைமைப் புத்தகம் இருக்கும். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாவிட்டால் முன்வரிசையைப் பார்த்துச் செய்யுங்கள், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெந்தெகொஸ்தே சபையானால் கைத்தட்டலும் சத்தமான ஜெபமும் அந்நிய பாஷையும் (கேட்பவர்களுக்குப் புரியாத மொழியில் ஜெபிப்பது) இருக்கும். ஆராதனை இரண்டு, மூன்று மணி நேரம்கூடப் போகும். முதல் தடவை அரண்டுபோகாதீர்கள். காணிக்கைப் பை வரும்போது புதியவர் எதுவும் போட வேண்டிய கட்டாயம் இல்லை. இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து அல்லது நற்கருணை வழங்கும்போது, ஞானஸ்நானம் (தண்ணீரால் கொடுக்கும் திருமுழுக்கு) பெறாதவர்கள் இடத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

ஞாயிறு ஆராதனையைவிட, வாரநாளில் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கிற சிறிய ஜெபக் கூட்டத்தில்தான் விசுவாசம் அதிகமாக வேர்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். எட்டுப் பத்துப் பேர் பாயில் உட்கார்ந்து, ஒரு பாட்டு, ஒரு பகுதி வாசிப்பு, அப்புறம் 'இந்த வாரம் என்ன விஷயம்?' என்று ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒரு அம்மா மகன் குடியைப் பற்றிச் சொல்லி அழுவார். இன்னொருவர் போன வாரம் ஜெபித்த ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததைச் சொல்வார். கடைசியில் சுண்டலும் டீயும். உங்கள் சபையில் இப்படிக் கூட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

எந்தச் சபை? பக்கத்தில் இருப்பது, வேதாகமத்தைத் திறந்து விளக்குவது, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதது. சில இடங்களில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 'ஆயிரம் விதையுங்கள், பத்தாயிரமாக வரும்' என்று காணிக்கை கேட்கும் இடம் ஒன்று. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்றுதான் பவுல் எழுதியிருக்கிறார். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்லும் இடம் இன்னொன்று. அங்கிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். லூக்காவைப் பவுல் 'பிரியமான வைத்தியன்' என்றுதான் அழைக்கிறார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் சிறிய அளவில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஜெபித்தவர்கள்தான் அந்த ஆஸ்பத்திரியையும் கட்டினார்கள்.

உள்ளே போனபின் சங்கடங்களும் கண்ணில் படும். கமிட்டித் தேர்தல் சண்டை, சாதி பார்க்கிற குடும்பங்கள், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவு. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதமில்லை என்று கலாத்தியர் நிருபத்தில் வாசித்துவிட்டு, வெளியே வந்து சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுவதைப் பார்க்கும்போது கோபம் வருவது நியாயம். இதை மூடி மறைத்து உங்களை அழைப்பது நேர்மையாகாது. ஒரு சபையில் மூச்சு முட்டினால் இன்னொரு சபைக்குப் போகலாம். சபையே வேண்டாம் என்ற முடிவுக்கு மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

படி 5: தெரிந்ததைச் செய்யுங்கள்

இது சிறிய படி, ஆனால் பலர் தாண்டிப் போகிற படி. வாசித்ததில் ஒன்றை அந்த வாரமே செய்து பாருங்கள். பேசாமல் இருக்கிற அண்ணனுக்குப் போன் செய்வது, கடையில் கூடுதலாக வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுப்பது, வீட்டு வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளத்தை முதல் தேதியே கொடுப்பது. கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறார். இயேசு சொன்னதைச் செய்து பார்த்து, அது சரிதான் என்று கண்டபின் வருகிற நம்பிக்கையை எந்தப் பிரசங்கமும் கொடுக்காது.

படி 6: சந்தேகமும் வறட்சியும் வரும்போது

வரும். தொடக்கத்தில் இருந்த உற்சாகம் சில மாதங்களில் வடியும். வேதாகமத்தைத் திறந்தால் எழுத்துகள் மட்டும்தான் தெரியும். ஜெபித்தால் சுவரோடு பேசுவது போலிருக்கும். 'என் விசுவாசம் போய்விட்டது' என்று அப்போதுதான் என்னிடம் வருவார்கள்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி, கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட கையோடு, ஒரு சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அதற்குப் பிறகுதான் பயணமும், மெல்லிய சத்தமும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் மனம் இருண்டே கிடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

சந்தேகம் அறிவு சார்ந்ததாக இருந்தால், சீஷர்களில் ஒருவரான தோமாவைப் பாருங்கள். உயிர்த்த இயேசுவைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தில் கையைப் போட்டாலொழிய நம்ப மாட்டேன் என்றவர். யோவான் 20ஆம் அதிகாரத்தில் நான் கவனிக்கச் சொல்வது அதற்கு அடுத்த வரியை: எட்டு நாளைக்குப் பின்பு தோமா அதே சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். அவர்கள் நம்புவதை நம்ப முடியாமலேயே அந்த எட்டு நாளும் அவர்களை விட்டுப் போகவில்லை. அவர்களும் அவரைத் துரத்தவில்லை. பிறகு "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொன்னதும் அவர்தான். சென்னையின் சாந்தோமும் சின்னமலையும் பரங்கிமலையும் மரபுப்படி அவர் நினைவைச் சுமப்பவை. கேள்விகளை எழுதி வைத்து, தைரியமாகக் கேளுங்கள். கூடிவருவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கஷ்டமானது மூன்றாவது வகை: மன்றாடிக் கேட்டது கிடைக்கவில்லை. நோயாளி பிழைக்கவில்லை, குழந்தை பிறக்கவில்லை. 'உங்களுக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான்' என்று யாராவது சொன்னால் அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். பவுல் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்? நம் ஊர்ப்பக்கத்திலேயே ஒருவர் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 'அம்மா'வாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே கழித்தார். அங்கிருந்தே எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளைக் கவனித்தார். ஏன் சுகம் கிடைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது, இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. அந்த நாட்களில் சொந்தமாக ஜெபிக்க வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். கடைசி வசனம் வரை அதில் விடியவே விடியாது, இருந்தும் அது ஜெபமாகத்தான் வேதாகமத்தில் நிற்கிறது.

வேறு பின்னணியிலிருந்து வந்தவர்களுக்கு

வீட்டில் சொன்னவுடன் ஊரே இடிந்து விழுந்ததுபோல் ஆகலாம். அம்மா அழுவார், அப்பா பேச மாட்டார். அவர்களுக்குப் பயம்: மகள் நம்மை விட்டுப் போய்விட்டாள், மகன் நாளைக்கு நமக்குக் கொள்ளி வைக்க வருவானா, சொந்தபந்தம் என்ன சொல்லும். அந்தப் பயத்தை மதியுங்கள். அவர்கள் கும்பிடுவதை இழிவாகப் பேசாதீர்கள், சபையில் யாராவது அப்படிப் பேசச் சொன்னாலும் கேட்காதீர்கள். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதுகிறார். முன்பைவிட அதிகமாக வீட்டு வேலையில் கைகொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிப் போங்கள். பொட்டு, பூ, பண்டிகைச் சாப்பாடு பற்றி ஒவ்வொரு சபையிலும் ஒவ்வொரு வழக்கம். எதையும் அடுத்த நாளே மாற்றியாக வேண்டியதில்லை.

படி 7: ஞானஸ்நானம்

இதில் அவசரம் வேண்டாம். பெரும்பாலான சபைகளில் ஆயத்த வகுப்புகள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் நீண்ட தயாரிப்புக்குப் பின் பெரும்பாலும் உயிர்ப்புப் பெருவிழாவின் இரவுத் திருவிழிப்பில் கொடுப்பார்கள். முழுக்கு ஞானஸ்நானம், தெளிப்பு ஞானஸ்நானம் என்று சபைக்குச் சபை முறை மாறும், காரணத்தை உங்கள் ஆயரிடமே கேளுங்கள்.

யாரும் சொல்லாமல் விடுகிற ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும்தான். கிறிஸ்தவராக மாறினால் அது போய்விடும். தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது நியாயமா என்பது தனி வழக்கு. ஆனால் படிப்பையும் வேலையையும் தொடுகிற விஷயம் என்பதால் விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தேதியை உங்களுக்காக வேறு யாரும் குறிக்க விடாதீர்கள். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஏறி உட்கார்ந்து விளக்குகிறார். வழியில் தண்ணீரைக் கண்டதும், "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டவர் மந்திரிதான், பிலிப்பு அந்தப் பேச்சை எடுத்ததாக அங்கே இல்லை. மாற்கு முடிந்தபின் லூக்காவையும், அதே ஆசிரியர் தொடர்ந்து எழுதிய இந்த அப்போஸ்தலர் நடபடிகளையும் வாசித்துவிட்டு வகுப்பில் சேருங்கள். கேள்விக்குறி போட்ட அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.